அவலமும் முரணும்: நமது போர்க்காலக் கதைகளை முன்வைத்துச் சில அவதானங்கள்

ஈழத்து முஸ்லிம்களின் புனைகதை பற்றிப் பேச்செழும் இடமெல்லாம் ஒரு கேள்வியும் தவறாமல் எழுகின்றது. வடக்கிலிருந்து ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்ட சமூகம் இது. கிழக்கில் பள்ளிவாசலுக்குள் தொழுதுகொண்டிருந்த நிலையிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட சமூகம். கடற்கோளையும் கலவரங்களையும் கண்ட சமூகம். அப்படியிருந்தும் காலங்கடந்து நிற்கும் கதைகள் ஏன் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே நம்மிடம் உள்ளன?

கேட்பவரின் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கின்றது. அவலம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகக் கதையும் அமைந்துவிடும் என்பதே அந்த அனுமானம். நமது எழுத்தாளர்களில் பலரும் இதை நம்பியே எழுதியிருக்கின்றனர். நடந்தது அவ்வளவு கொடுமையானது, அதைச் சொன்னாலே போதும், கதை தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை அது. இந்த நம்பிக்கைதான் நமது போர்க்காலக் கதைகளின் பலவீனத்துக்கு முதற் காரணம் என்பது எனது கருத்து. அவலம் கதைக்கான மூலப்பொருள் மாத்திரமே. அதைக் கதையாக்குவது முரண்.

மோதல், முரண் ஆகிய இரு சொற்களையும் நாம் பெரும்பாலும் ஒரே பொருளில் வழங்கி வருகின்றோம். இக்கட்டுரையின் தேவை கருதி இரண்டையும் பிரித்துக்கொள்வோம். இரண்டு சக்திகள் எதிரெதிரே நிற்பது மோதல். அவை இரு மனிதராக இருக்கலாம், இரு கூட்டமாக இருக்கலாம், மனிதனும் கடலுமாகவும் இருக்கலாம். ஒரே மனிதனை இரண்டு கடமைகள், அல்லது ஒரு கடமையும் ஓர் ஆசையும், இருபுறமும் பிடித்திழுக்கின்றன. எதைக் கைவிட்டாலும் இழப்புத்தான். அந்நிலையில் அவன் ஒரு முடிவுக்கு வந்தேயாக வேண்டியிருப்பது முரண். மோதலில் வெல்வது யார் என்று வாசகன் கேட்கின்றான். முரணிலோ, இவர் இனி என்ன செய்யப் போகின்றார் என்று கேட்கின்றான். முதலாவது கேள்விக்கு மறுநாட் பத்திரிகையே விடை தந்துவிடும். இரண்டாவது கேள்விக்கு விடை தேடும் இடமாகவே கதை இருந்து வந்துள்ளது.

*

நமது மரபில் மோதலுக்குப் பஞ்சமில்லை. 'படைப்போர்' என்ற தனியோர் இலக்கிய வகையையே தமிழுக்குத் தந்தவர்கள் முஸ்லிம் புலவர்கள். பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'சக்கூன் படைப்போர்' இவ்வகைக்கு நன்கறியப்பட்ட உதாரணம். அதற்கும் முன்னரே, 1572இல், வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா' அரங்கேறிவிட்டது. மசலாவில் வாள் இல்லை. வினாவும் விடையுமே கதையை நகர்த்துகின்றன. 'நூறு மசலா'வில் இளவரசி மெஹர்பானு கேள்விகளைத் தொடுக்க, அப்பாஸ் விடை சொல்லிச் சொல்லி முன்னேறுகின்றான். களம் போர்முனையிலிருந்து அறிவுக்கு மாறியிருக்கின்றது. எனினும் இவற்றில் வெற்றி யாருக்கென்பது கேட்போருக்கு முன்னரே தெரியும். எப்படி வெல்கின்றார் என்பதே சுவை. இவ்விலக்கியங்களின் நோக்கத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால் அதே மரபுக்குள் இன்னொரு தடமும் உண்டு. சீறாப்புராணத்தின் 'மானுக்குப் பிணை நின்ற படல'த்தை எடுத்துக்கொள்வோம். வேடனிடம் அகப்பட்ட பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டிவிட்டுத் திரும்பி வருவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சொல்கின்றது. நபிகளார் பிணை நிற்கின்றார்கள். மான் அவிழ்த்துவிடப்படுகின்றது. வேடனுக்கும் மானுக்கும் இடையிலான மோதல் இந்த இடத்தோடு முடிந்துவிட்டது. மான் தப்பிவிட்டது. உமறுப்புலவரின் கதையோ இங்கேதான் உயிர்பெறுகின்றது. காட்டில் தன் இனத்தோடு நிற்கும் அந்த மானைத் திரும்பி வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த எவருமில்லை. ஒரு பக்கம் கன்று, தன்னுயிர். மறுபக்கம் கொடுத்த வாக்கு, தனக்காகப் பிணை நிற்பவர். எதை விட்டாலும் இழப்புத்தான். மான் திரும்பி வருகின்றது, கன்றையும் கூட்டிக்கொண்டு. வேடனும் இங்கே வெறுங் கொடியவனாகக் காட்டப்படவில்லை. காடெல்லாம் அலைந்து பசியோடு பிடித்த இரை அது. அவனது பசிக்கும் ஒரு நியாயமுண்டு. மூன்று பேரிடமும் நியாயம் இருப்பதாலேயே அந்தப் படலம் நினைவில் நிற்கின்றது.

இதைவிட ஆழமான எடுத்துரைப்பை அல்குர்ஆனின் பன்னிரண்டாவது அத்தியாயமான சூறா யூஸுபில் காண்கின்றோம். இறைவேதத்தை இலக்கிய அளவுகோலால் அளப்பது எனது நோக்கமன்று. எடுத்துரைப்பிலிருந்து எழுத்தாளன் கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றை மாத்திரமே சுட்டிக்காட்ட விழைகின்றேன். சகோதரர்களின் பொறாமை, பாழ்கிணறு, சொற்பக் காசுக்கு நடந்த விற்பனை, பொய்ப்பழி, சிறைவாசம் என மோதல்கள் அத்தனையும் அந்த வரலாற்றின் முற்பகுதியிலேயே வந்துவிடுகின்றன. பஞ்ச காலத்தில் தானியம் கேட்டு அதே சகோதரர்கள் வந்து நிற்கும் போது வெளியே எந்தப் போராட்டமும் இல்லை. அவர்களை அவர் அடையாளங் கண்டுகொள்கின்றார். அவரை அவர்கள் அறியவில்லை. அதிகாரம் முழுவதும் இப்போது அநீதியிழைக்கப்பட்டவரின் கையில். பின்னர் இளைய சகோதரரின் பொதியில் அளவுப் பாத்திரம் அகப்பட்ட போது, இவனது சகோதரனும் முன்னொரு நாள் திருடியவனே என்று அவர்கள் அவர் முகத்துக்கு நேரே சொல்கின்றார்கள். அவர் அதைத் தம் மனத்துள் வைத்துக்கொண்டார், வெளிப்படுத்தவில்லை என்கின்றது வேதம். கிணற்றில் தள்ளப்பட்ட காட்சியை விடவும் அந்த மௌனமே வாசிப்பவரின் மூச்சை நிறுத்துகின்றது. பாதிக்கப்பட்டவரிடம் தெரிவு வந்து சேரும் கணம் அது. அவர் மன்னிக்கின்றார். தண்டித்திருக்க முடிந்தவர் மன்னித்ததாலேயே அம்மன்னிப்புக்கு அத்தனை கனதி.

ஆகவே முரண் என்பது மேல்நாட்டுத் திறனாய்வாளர் நமக்குக் கடன் தந்த சரக்கு அல்ல. நமது வீடுகளில் ஓதப்பட்டும் பாடப்பட்டும் வந்தவற்றிலேயே அது இருக்கின்றது.

*

நவீன புனைகதைக்கு வந்த போது என்ன நிகழ்ந்தது? 1885இல் வெளிவந்த சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமாகக் கொள்ளப்படுவது. குழந்தைப் பருவத்தில் எகிப்திலிருந்து கடத்தப்பட்டவன் பம்பாயில் வளர்ந்து, பல இடையூறுகளைக் கடந்து, தன் குலத்தை அடையும் வரலாறு அது. இழப்பும் மீட்புமே அதன் விசை. அக்காலத்துக்கு அது புதுமை. நாயகனின் எதிரிகள் அனைவரும் அவனுக்கு வெளியே நிற்கின்றனர்.

1950களுக்குப் பின்னர் முற்போக்கு இலக்கிய இயக்கம் எழுச்சி பெற்ற போது கதையின் மையம் வர்க்க முரண்பாடாயிற்று. முதலாளியும் தொழிலாளியும், போடியாரும் வயற் கூலியாளும் எதிரெதிரே நின்றனர். ஏழை முஸ்லிமின் வாழ்வு, அவனது பேச்சு மொழி, குமர்ப் பிள்ளைகளைக் கரைசேர்க்க அவன் படும் பாடு ஆகியவை இலக்கியத்துக்குள் நுழைந்தது இக்காலத்தின் பெருங் கொடை. அதே வேளை, கெட்ட முதலாளி, நல்ல ஏழை என்ற வாய்ப்பாடும் நிலைபெற்றது. இந்த வாய்ப்பாட்டை மீறிய கதைகளே இன்றும் வாசிக்கப்படுகின்றன. எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை' சிலம்பக் களத்தைச் சுற்றியெழும் கதை. அங்கே கம்போடு கம்பு மோதுகின்றது. ஆயினும் நமது நெஞ்சில் நிற்பது மானமும் பெருந்தன்மையும் ஒரே மனிதனுக்குள் மல்லுக்கட்டும் இடமே.

பின்னர் போர் வந்தது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூர். அவ்வாண்டு ஒக்டோபரில் வட மாகாணத்தின் முஸ்லிம்கள், எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஒலிபெருக்கியில் அழைக்கப்பட்டு, ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் திரட்டப்பட்டனர். வெளியேறுவதற்கு அவர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம்.

இந்த நிகழ்வுகள் பற்றி ஏராளமான சிறுகதைகள் எழுதப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றேதான். அமைதியான ஊர் ஒன்று. உழைப்பாளியான வாப்பா. அன்பே உருவான உம்மா. எல்லோரும் ஒரு தாய் மக்களாக வாழ்கின்றனர். திடீரென்று ஒலிபெருக்கி, அல்லது துப்பாக்கிச் சத்தம். ஓட்டம். பாதையில் ஒரு மரணம். முடிவில் முகாமின் ஓலைக் கொட்டில், இறைவனை நோக்கி உயரும் இரு கைகள். பெயர்களையும் ஊரையும் மாற்றிவிட்டால் ஒருவரின் கதையை இன்னொருவரின் தொகுதிக்குள் வைத்துவிடலாம்.

இவ்வமைப்பில் மூன்று குறைகளை அவதானிக்கலாம். முதலாவது, பாத்திரங்களுக்கு அந்த நாளுக்கு முன்னர் சொந்த ஆசை எதுவுமில்லை. பாதிக்கப்படுவதற்காகவே அவர்கள் காத்திருக்கின்றனர். இரண்டாவது, எதிர்த் தரப்பு முகமற்றது. முகம் வரும் இடத்தில், கண்ணீர் விட்டு வழியனுப்பும் நல்ல தமிழ் அயலவர் ஒருவராக மாத்திரமே வருகின்றது. அந்த அயலவர் நல்லவராக இருப்பதற்கு எந்த விலையும் கொடுப்பதில்லை. மூன்றாவதே பிரதானமானது. கதையில் எவரும் எந்த முடிவும் எடுப்பதில்லை. எல்லாம் அவர்களுக்கு நிகழ்கின்றன. அநீதி என்பது மனிதரின் தெரிவுகளைப் பறிப்பது என்பது மெய்தான். ஆனால் எழுத்தாளனும் சேர்ந்து எஞ்சியிருந்த தெரிவுகளையும் பறித்துவிட்டால், அந்த மனிதர்கள் இரண்டாம் தடவையாகவும் உடைமையிழக்கின்றனர்.

இரண்டு மணித்தியாலம் என்பது சிறிய அவகாசம். ஆயினும் அதற்குள் எத்தனை முடிவுகள்! வீட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுப்பதா, கையோடு கொண்டு போவதா? கொடுத்தால் அது நம்பிக்கையா, கையளிப்பா? தையல் மெசினைத் தாருங்கள், நீங்கள் வரும்வரை பத்திரமாக வைத்திருக்கின்றேன் என்று அயலவள் கேட்கின்றாள். நேற்று வரை அவளை நம்பியவள் இன்று அவள் கண்ணை உற்றுப் பார்க்கின்றாள். அந்தப் பார்வைக்காக வாழ்நாளெல்லாம் வெட்கப்படவும் கூடும், அப்படிப் பார்த்தது சரியே என்று பின்னால் தெரியவும் கூடும். எழுந்து நடக்க முடியாத மாமியாரை யார் சுமப்பது? மகளின் கலியாணத்துக்குச் சேர்த்த நகையை எங்கே மறைப்பது? மறைத்தது அகப்பட்டால் கூட வருபவர்களுக்கும் ஆபத்து என்று தெரிந்த பின்னரும் மறைப்பதா?

இன்னொன்று. எண்பதுகளில் தமிழ் இயக்கங்களில் முஸ்லிம் இளைஞர்களும் இணைந்திருந்தனர் என்பது நாமறிந்த வரலாறு. இயக்கத்துக்கு மகனைக் கொடுத்த ஒரு தகப்பன், அதே இயக்கத்தின் கட்டளைப்படி வீட்டை விட்டு இறங்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். சுவரில் மாட்டியுள்ள மகனின் படத்தை அவர் கழற்றி எடுத்துக்கொள்வாரா? விட்டுவிட்டுச் செல்வாரா? பாதையில் சோதனையிடுபவர்களிடம் அதைக் காட்டுவாரா? முகாமில் மற்றவர்களிடம் மறைப்பாரா? இந்த ஒரு படத்துக்குள் மூன்று தசாப்த அரசியல் அடங்கும். நமது கதைகளில் இத்தகைய தகப்பன்மார் அரிதாகவே தென்படுகின்றனர்.

*

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். அதை இலேசாகத் தட்டிவிட முடியாது. வீடிழந்து, உறவிழந்து, நாடே தங்கள் கதையைக் கேட்க மறுத்த நிலையில் எழுதியவர்கள் அவர்கள். நடந்ததைப் பதிவு செய்வதே அன்று பெரிய காரியம். அவர்களிடம் போய் முரண் எங்கே, கலை எங்கே என்று கேட்பது எந்த வகையில் நியாயம்? எதிர்த் தரப்புக்கும் ஒரு முகம் கொடுங்கள் என்பது, குற்றத்தின் பாரத்தைக் குறைத்துக் காட்டுங்கள் என்பதாகாதா?

மறுப்பின் முதற்பாதியை முழுமையாக ஏற்கின்றேன். பதிவு பெறுமதியானது. ஆனால் பதிவுக்கு அதற்குரிய வடிவம் உண்டு. அது சாட்சியம். பெயர், திகதி, இடம், எடுத்துச் செல்ல விடப்பட்டது என்ன, பறிக்கப்பட்டது என்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்வது அது. சாட்சியத்தைக் கதையாக மாற்றுகின்றோம் என்று பெயர்களை அழித்து, அழுகையைக் கூட்டும் போது இரண்டும் கெடுகின்றன. சாட்சியம் தன் நிச்சயத்தை இழக்கின்றது. கதையும் கதையாவதில்லை.

இரண்டாவது பாதிக்குப் பலஸ்தீனத்திலிருந்து விடை கிடைக்கின்றது. 1981இல் வெளிவந்த எம்.ஏ. நுஃமானின் 'பலஸ்தீனக் கவிதைகள்' மொழிபெயர்ப்பு நமது கவிதையில் ஏற்படுத்திய தாக்கம் பெரிது. பலஸ்தீனப் புனைகதையிலிருந்து நாம் அந்தளவுக்குக் கற்றுக்கொள்ளவில்லை. கஸ்ஸான் கனஃபானியின் 'ஹைஃபாவுக்குத் திரும்புதல்' என்ற குறுநாவல் வெளியேற்றப்பட்ட எவரும் வாசிக்க வேண்டியது. 1948 ஏப்ரலில் ஹைஃபா நகரம் தாக்கப்பட்ட போது, கணவனைத் தேடித் தெருவுக்கு ஓடிய ஸஃபிய்யாவைக் கூட்டம் அள்ளிச் செல்கின்றது. கைக்குழந்தை வீட்டில் தனித்துவிடுகின்றது. பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர், 1967 யுத்தத்தை அடுத்து எல்லை திறக்கப்பட்ட போது, ஸஈதும் ஸஃபிய்யாவும் தமது வீட்டைப் பார்க்கச் செல்கின்றனர். கதவைத் திறப்பவள் போலந்திலிருந்து வந்த யூதப் பெண் மிர்யம். அவளது தகப்பன் நாஸிகளின் வதைமுகாமில் மடிந்தவர். வீட்டில் விடப்பட்ட குழந்தையை வளர்த்தவளும் அவளே. அன்றிரவு வீட்டுக்கு வரும் மகன் இஸ்ரேலிய இராணுவச் சீருடையில் வருகின்றான்.

கனஃபானி நடுநிலை பேசிய எழுத்தாளர் அல்லர். பலஸ்தீன விடுதலை முன்னணியொன்றின் பேச்சாளராக இருந்தவர். 1972இல் பெய்ரூத்தில் காரில் வைக்கப்பட்ட குண்டுக்கு இரையானவர். யார் அநீதியிழைத்தார்கள் என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயமில்லை. இருந்தும் அவர் மிர்யமுக்கு ஒரு கடந்த காலத்தைக் கொடுத்தார். அதனால் குற்றம் குறைந்ததா? இல்லை. ஓர் அநீதிக்கு உள்ளானவர்களைக் கொண்டே இன்னோர் அநீதி நிறைவேற்றப்பட்டது என்று தெரியும் போது அதன் கொடூரம் இரட்டிப்பாகின்றது. கதையில் மிகக் கூர்மையான கேள்வியை எழுப்புவது மிர்யம் அல்ல, மகன். நீங்கள் ஏன் விட்டுச் சென்றீர்கள், இத்தனை காலம் ஏன் வரவில்லை என்பது அவனது கேள்வி. அந்தக் கேள்வி அநீதியானது. அதேவேளை ஸஈத் இருபது ஆண்டுகளாகத் தன்னிடமே கேட்காமல் தவிர்த்து வந்த கேள்வியும் அதுவே. விடுதலைப் படையில் சேர விரும்பிய இளைய மகனை அதுவரை தடுத்து வந்த அத்தகப்பன், திரும்பும் வழியில், தாங்கள் இல்லாத நேரத்தில் அவன் போயிருக்க வேண்டுமே என்று நினைக்கத் தொடங்குகின்றான். ஒரு மனிதனின் மனம் கதைக்குள்ளேயே புரள்கின்றது. நூறு கண்டனக் கட்டுரைகளால் செய்ய முடியாதது இது.

நமக்கும் இத்தகைய திரும்புதல்கள் நிகழ்ந்தன. 2002 யுத்த நிறுத்தத்தின் போதும், 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் வடக்கு முஸ்லிம்கள் தமது மண்ணைப் பார்க்கச் சென்றனர். சிலர் காடு மண்டிய காணிகளைக் கண்டனர். சிலர் தமது வீட்டில் இன்னொரு குடும்பத்தைக் கண்டனர். அந்தக் குடும்பமும் போரால் வேறெங்கிருந்தோ துரத்தப்பட்டதாக இருந்தால், வாசலில் நிற்பவர் என்ன சொல்வார்? சட்டப்படி வீடு அவருடையது. உள்ளே சமைத்துக்கொண்டிருக்கும் பெண்ணோ பிள்ளைகளை இழந்தவள். இந்த வாசலில்தான் நமது 'ஹைஃபாவுக்குத் திரும்புதல்' காத்திருக்கின்றது.

*

முரணைத் தவிர்ப்பதற்கு நம்மிடம் இன்னொரு காரணமும் உண்டு. வெளியே அடி விழுந்துகொண்டிருக்கும் போது உள்ளே உள்ளதைப் பேசலாமா என்ற தயக்கம் அது. சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக வாழும் சமூகத்தில் இத்தயக்கம் இயல்பானது. எதையெழுதினாலும் அது நமக்கெதிராகப் பாவிக்கப்படும் என்ற பயத்துக்கு ஆதாரங்களும் உண்டு. ஆனால் அத்தயக்கத்துக்கு இலக்கியம் கொடுத்த விலை அதிகம்.

புத்தளத்தை எடுத்துக்கொள்வோம். வந்தவர்களுக்குக் கதவு திறந்த ஊர் அது. தமது பள்ளிவாசலையும் பாடசாலையையும் கிணற்றையும் பகிர்ந்த ஊர். ஆண்டுகள் செல்லச் செல்ல அதே ஊரில் 'அகதி' என்ற சொல் ஓர் இடுகுறிப் பெயராயிற்று. உப்பளத்திலும் வெங்காயத் தோட்டங்களிலும் கூலிக்கு ஆள் பெருகிற்று. காணி, தொழில், பல்கலைக்கழக அனுமதி என்று உரசல்கள் எழுந்தன. இரு தரப்பும் முஸ்லிம்கள். இரு தரப்பிடமும் நியாயம் உண்டு. வந்தவர் வீட்டுப் பையனுக்கும் இருந்தவர் வீட்டுப் பெண்ணுக்கும் கலியாணம் பேசும் ஒரு திண்ணையை மாத்திரம் எழுதினாலே போதும், அது ஒரு நாவலின் முதல் அத்தியாயமாகிவிடும். 1990இல் பத்து வயதாக இருந்தவர் இன்று நாற்பதைக் கடந்துவிட்டார். அவரது பிள்ளைகளுக்கு ஊர் என்பது புத்தளம். வாப்பாவுக்கு ஊர் என்பது யாழ்ப்பாணம் சோனகத் தெரு. திரும்பிப் போக விரும்பும் தகப்பனுக்கும் போக மறுக்கும் மகளுக்கும் இடையில் எவரையும் வில்லனாக்க முடியாது.

இந்த உள்முகப் பார்வையைப் பிற முஸ்லிம் எழுத்தாளர்கள் எவ்வாறு கையாண்டனர் என்பது நோக்கற்பாலது. வைக்கம் முகம்மது பஷீரின், உப்பப்பாவின் ஆனையைப் பற்றிய நாவல் 1951இல் வெளிவந்தது. தமிழிலும் பரவலாக வாசிக்கப்பட்டது. வழக்காடிச் சொத்திழந்த குடும்பத்தில், தன் வாப்பாவின் ஆனையையே ஓயாது பேசும் அந்த உம்மாவைப் பார்த்து நாம் சிரிக்கின்றோம். அந்த ஆனை வெறும் குழியானை என்று சிறுவர்கள் கேலி செய்யும் போது, அவளிடம் எஞ்சியிருந்த ஒரே சொத்தும் போய்விடுகின்றது. நமது சிரிப்பு தொண்டையில் அடைத்துக்கொள்கின்றது. பழம்பெருமையை விமர்சிக்கும் நாவல் அது. ஆனால் பெருமை பேசியவளை இகழும் நாவல் அல்ல. 1988இல் நூலாக வந்த தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' ஊர் முதலாளியின் அதிகாரத்தையும், ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்கு எழும் எதிர்ப்பையும் பேசுகின்றது. வாசித்து முடிக்கும் போது அந்த முதலாளியின் வீழ்ச்சி நமக்கு வெற்றிக் களிப்பைத் தருவதில்லை. நம் நாட்டில் ஷர்மிளா ஸெய்யித்தின் 'உம்மத்' நாவல், முன்னாள் பெண் போராளியையும் சமூகப் பணியில் இறங்கிய முஸ்லிம் பெண்ணையும் ஒரே கதையில் சந்திக்க வைத்தது. அந்நாவல் பற்றிக் கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். வெளிக் காயத்தையும் உட்காயத்தையும் ஒரே மேசையில் வைத்த துணிவை மறுக்க முடியாது.

எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். சுயவிமர்சனம் என்ற பெயரில் வரும் சில கதைகளில் மௌலவி எப்போதும் கபடர், நம்பிக்கையாளர் சபைத் தலைவர் எப்போதும் கள்வர், பெண் எப்போதும் பலியாடு. இது பழைய முதலாளி வாய்ப்பாட்டின் மறுபதிப்பு. சீதனம் கூடாது என்று ஜும்ஆவில் மனதார உரை நிகழ்த்திவிட்டு, தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடும் போது வீடு கேட்கப்பட்டுத் திணறும் ஒரு கதீபை எழுதினால் அங்கே முரண் உண்டு. அவர் பொய்யர் அல்லர். தகப்பன். அவரை வெறுப்பது எளிதன்று. அதனாலேயே வாசகன் தன் வீட்டையும் நினைத்துப் பார்ப்பான்.

*

யுத்தம் முடிந்த பின்னரும் நமக்கு மூலப்பொருள் குறையவில்லை. 2014இல் அளுத்கம, 2018இல் திகன, 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளும் அவற்றைத் தொடர்ந்து வந்த சந்தேகப் பார்வைகளும். அடுத்து, கொவிட் தொற்றில் இறந்தோரைக் கட்டாயமாகத் தகனம் செய்யும் விதி. 2020இல் தொடங்கி 2021 பெப்ரவரி வரை அது நடைமுறையில் இருந்தது. அதன் பின்னரே ஓட்டமாவடியில் நல்லடக்கம் செய்ய வழி பிறந்தது. எரியூட்டப்படுவதற்கு இணங்க மாட்டோம் என்று சில குடும்பங்கள் உடலைப் பொறுப்பேற்க மறுத்தன.

இதுபற்றி எழுந்த கவிதைகளிலும் கதைகளிலும் கோபம் நிறைந்திருந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கதை கோபத்தின் அடுத்த அறையில் இருக்கின்றது. வைத்தியசாலையின் ஒரு மேசை. ஒரு தாள். தகப்பனின் ஜனாஸாவுக்காக இரு சகோதரர்கள் நிற்கின்றனர். கையொப்பமிட்டால் தீயிடுவதற்கு உடன்பட்டவனாவேன் என்கின்றான் மூத்தவன். கையொப்பமிடாவிட்டால் வாப்பாவை அநாதையாக விட்டவனாவேன், கடைசி முறை முகம் பார்க்கவும் முடியாது என்கின்றான் இளையவன். இருவரும் ஒரே வாப்பாவின் பிள்ளைகள், ஒரே நம்பிக்கையுடையவர்கள், ஒரே அநீதிக்கு ஆளானவர்கள். விதியை இயற்றியவர்கள் அந்த அறையிலேயே இல்லை. அந்த இரு சகோதரர்களும் பின்னொரு காலத்தில் ஒருவரையொருவர் மன்னித்துக்கொண்டார்களா என்பதை விதி நீக்கப்பட்ட வர்த்தமானி அறிவித்தல் நமக்குச் சொல்லாது.

எல்லாக் கதைக்கும் முரண் கட்டாயம் என்று விதி செய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு கிராமத்தின் காலைப்பொழுதை, ஒரு கிழவியின் நினைவோட்டத்தை அழகாகச் சொல்லி நின்றுவிடும் கதைகளும் உண்டு. ஆனால் அநீதியைப் பேச வரும் கதை தன்னிடம் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தப் பாத்திரத்தால் வேறு என்ன செய்திருக்க முடியும்? 'ஒன்றுமேயில்லை' என்பது விடையானால், அதைச் சாட்சியமாக எழுதுவோம். பெயரோடும் திகதியோடும் எழுதுவோம். அதற்கும் நமது சமூகத்தில் பெருந் தேவை இருக்கின்றது. அந்நாட்களை நேரிற் கண்டவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுச் செல்கின்றனர். வேறொன்றும் செய்திருக்கலாம், ஆனால் இதைத்தான் செய்தார் என்பது விடையானால், அங்கே கதை இருக்கின்றது. அப்போது அவரை வெறுமனே பலியானவராகக் காட்டாமல், முடிவெடுத்த மனிதராகக் காட்ட வேண்டிய பொறுப்பு நம்முடையது.